அத்தியாயம் 6: முதலீட்டு வங்கிக்குப் போக எந்த மேற்படிப்பு?

முதலீட்டு வங்கியில் சேர வேண்டும் என்று முடிவெடுக்கும் பிள்ளைகள் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். 5-ஆவது இடத்தில் உள்ள கல்லூரி 15-ஆவது இடத்தில் உள்ளதைவிட நல்லது என்று எடுத்துக்கொண்டு, இடம் கிடைத்தவற்றில் எது மேலே இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். பல துறைகளுக்கு இந்த வழி போதும். இந்தத் துறைக்குப் போதாது, ஏனென்றால் முதலீட்டு வங்கிகள் ஆள் எடுக்கும் முறை வேறு. படித்து முடித்தவர்களை அவை பெரிதாகத் தேடுவதில்லை. இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களைக் கோடையில் எட்டு முதல் பத்து வாரம் இன்டர்ன்ஷிப்பில் வேலை வாங்கிப் பார்த்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டியவர்களைப் பெரும்பாலும் அவர்களிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே ஒரு படிப்பைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதில் அந்த இன்டர்ன்ஷிப்புக்கு இடம் இருக்கிறதா என்பது. இரண்டாவது, வங்கிகள் விண்ணப்பம் வாங்கும் நாளில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்பது. தரவரிசை இவற்றுக்குப் பிறகு வரட்டும்.

எந்த வேலை என்று தெளிவாக இருங்கள்

உலகின் பெரிய வங்கிகள் நம் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அலுவலகம் நடத்துகின்றன. கோல்ட்மேன் சாக்ஸ் 2004-இலேயே பெங்களூருவுக்கு வந்துவிட்டது. சிட்டி, பார்க்லேஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பி.என்.ஒய். ஆகியவை சென்னையில் இருக்கின்றன. அங்கே நடப்பது பெரும்பாலும் தொழில்நுட்பம், ரிஸ்க், ஆபரேஷன்ஸ், கம்ப்ளையன்ஸ் வேலைகள். நல்ல வேலைகள்தான், பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை. ஆனால் இந்த அத்தியாயம் பேசுவது டீல் டீம் வேலையைப் பற்றி: ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது விலை கணித்துப் பேரத்துக்குத் துணை நிற்பது, பங்குச் சந்தைக்கு வரும் நிறுவனத்தின் ஐ.பி.ஓ.வை நடத்திக்கொடுப்பது, பெரிய கடன் திரட்டித் தருவது. இந்தியாவில் இந்தப் பங்கு வெளியீடுகளை நடத்த, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் மெர்ச்சன்ட் பேங்கராகப் பதிவு செய்திருக்க வேண்டும். கோட்டக், ஆக்சிஸ் கேப்பிட்டல், ஜே.எம். ஃபைனான்ஷியல், அவென்டஸ் போன்றவையும் வெளிநாட்டு வங்கிகளின் சிறிய குழுக்களும் இந்த வேலையைப் பெரும்பாலும் மும்பையிலிருந்து செய்கின்றன. வெளிநாட்டில் நியூயார்க், லண்டன். அவற்றுக்கு அடுத்து ஹாங்காங், சிங்கப்பூர், பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட்.

தொழில்நுட்பம், ரிஸ்க் போன்ற சப்போர்ட் வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டில் உள்ளுக்குள்ளேயே டீல் டீமுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அப்படி மாறிய ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். சிலர் மாறியிருக்கிறார்கள். அதை நம்பி வாழ்க்கைத் திட்டம் போடும் அளவுக்கு அது நடப்பதில்லை.

அனலிஸ்ட்டா, அசோசியேட்டா?

டீல் டீமுக்குள் நுழைய இரண்டு படிகள் உண்டு. இளநிலைப் பட்டத்துடனோ, வேலை அனுபவம் கேட்காத முதுநிலைப் பட்டத்துடனோ வருபவர் அனலிஸ்ட். சில ஆண்டுகள் எங்காவது வேலை பார்த்து, பிறகு எம்.பி.ஏ. முடித்து வருபவர் அசோசியேட். வங்கிகள் இந்த இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் எடுக்கின்றன. விண்ணப்பப் படிவமும் நேர்காணல் நாளும்கூட வேறு வேறு.

இது தெரியாமல் நடக்கும் விபத்துகள் ஏராளம். ஐ.டி. நிறுவனத்தில் ஐந்து ஆண்டு வேலை பார்த்த ஒருவர் லண்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகுப்பிலிருந்து வங்கிகள் எடுப்பது அனலிஸ்ட்டுகளை. இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு அதே மேசைக்குப் போட்டியிடும்போது, இவருடைய ஐந்து ஆண்டு அனுபவம் அங்கே பெரிய மதிப்பைத் தராது. 'இவர் ஏன் இந்த நிலைக்கு வருகிறார்?' என்ற சந்தேகத்தையே கிளப்பும். இவர் போக வேண்டியது எம்.பி.ஏ.வுக்கு. மென்பொருள், கட்டுமானம், ராணுவம் என்று எந்தத் துறையிலிருந்தும் ஆட்களை எடுத்து அசோசியேட் ஆக்கும் ஒழுங்கான வழி அமெரிக்க இரண்டாண்டு எம்.பி.ஏ.வில்தான் இருக்கிறது. துறை மாறுபவர்களுக்கு அதைவிட அகலமான வாசல் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது.

ஒரே கல்லூரிக்குள்ளேயே இந்தப் பிரிவினை உண்டு. லண்டன் பிசினஸ் ஸ்கூலின் மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஷியல் அனாலிசிஸ் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு. அதன் மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ் நிதித்துறையில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு. பெயர்கள் அண்ணன் தம்பி போல இருந்தாலும் அவை திறக்கும் கதவுகள் வேறு. கேம்பிரிட்ஜ் ஜட்ஜ் நடத்தும் மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸும் இரண்டு ஆண்டு அனுபவமாவது கேட்கும் படிப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் எம்.எஸ்சி. ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் பட்டம் முடித்த கையோடு போகிறவர்களுக்கு ஏற்றது.

இந்தியாவின் இரண்டாண்டு மேலாண்மை முதுநிலைப் படிப்பான பி.ஜி.பி. மட்டும் இந்தக் கட்டத்துக்குள் அடங்காது. கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.எம்.முக்குப் போகும் வகுப்பில் நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவரும் மூன்று ஆண்டு வேலை பார்த்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இருவரையும் ஒரே வங்கி எடுக்கலாம். பதவிப் பெயர் வங்கிக்கு வங்கி மாறும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. இன்டர் முடித்து ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு மேற்படிப்புக்குக் கடன் தேட வேண்டாம். மும்பை டீல் டீம்களில் சி.ஏ. படித்தவர்கள் நிறைய. முதல் முயற்சியில் தேறி, பெரிய தணிக்கை நிறுவனத்தின் டீல் அட்வைசரி பிரிவில் இரண்டு ஆண்டு இருந்தவரை எம்.பி.ஏ. இல்லாமலேயே எடுக்கிறார்கள்.

நாட்காட்டியை விரித்து வையுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

லண்டனை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ்சி. வகுப்புகள் செப்டம்பர் கடைசியில் தொடங்கும். அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களைப் பெரிய வங்கிகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடுகின்றன. சில அதற்கும் முன்பு. கடைசித் தேதி நவம்பர் என்று போட்டிருந்தாலும் நம்பி உட்காரக் கூடாது, ஏனென்றால் விண்ணப்பம் வர வர ஆன்லைன் தேர்வு, வீடியோ நேர்காணல் என்று நகர்த்திக்கொண்டே போவார்கள். இடம் நிரம்பினால் கதையும் முடிந்தது. நீங்கள் விமானத்தில் போய் இறங்கி, அறை பிடித்து, வங்கிக் கணக்கு திறந்து, முதல் வாரத்து வரவேற்பு நிகழ்ச்சிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் சுற்று பாதி முடிந்திருக்கும். அந்தப் படிப்பில் இன்னும் ஒரு மதிப்பெண்கூட வாங்கியிருக்க மாட்டீர்கள். வங்கி பார்ப்பது கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ நீங்கள் வாங்கிய பட்டத்தையும், அதற்கு முன் செய்த இன்டர்ன்ஷிப்பையும், படிப்பின் பெயரையும்தான்.

விண்ணப்பப் படிவத்தில் 'பட்டம் முடியும் மாதம், ஆண்டு' என்று ஒரு கட்டம் இருக்கும். சாதாரணமாகத் தெரியும் அந்தக் கட்டம்தான் முதல் சல்லடை. கோடை இன்டர்ன்ஷிப் என்பது அடிப்படையில் கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மாணவர்களுக்காக உருவானது. ஓராண்டுப் படிப்பில் முதல் ஆண்டும் கடைசி ஆண்டும் ஒன்றே. சில வங்கிகள் ஓராண்டு முதுநிலை மாணவர்களையும் ஏற்கும் என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கும், சில ஏற்காது. சேருவதற்கு முன்பே நீங்கள் குறிவைக்கும் ஏழெட்டு வங்கிகளின் சென்ற ஆண்டு அறிவிப்பை எடுத்து, தகுதி வரியை வரிக்கு வரி படியுங்கள்.

விசா விதியும் இங்கே குறுக்கே வரும். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 12 மாத முதுநிலைப் படிப்பில் கோடை மாதங்கள் ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம் என்பதால் அவையும் படிப்புக் காலமாகவே கொள்ளப்படும். முழுநேர இன்டர்ன்ஷிப்புக்கு அது இடையூறு. எல்.எஸ்.இ.யின் எம்.எஸ்சி. ஃபைனான்ஸ், ஆக்ஸ்ஃபோர்டின் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் போல ஒன்பது, பத்து மாதத்தில் முடிகிற படிப்புகள் நிதித்துறைப் பிள்ளைகளுக்கு வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படிப்பு அதிகாரபூர்வமாக முடியும் தேதி, விசாவுக்காகக் கல்லூரி தரும் சி.ஏ.எஸ். ஆவணத்தில் இருக்கும். கோடை இன்டர்ன்ஷிப் அந்தத் தேதிக்கு முன் வருகிறதா, பின் வருகிறதா என்று கல்லூரியின் விசா பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

பாரிஸ் பக்கம் கதை வேறு. ஹெச்.இ.சி., எசெக், இ.எஸ்.சி.பி. போன்ற கல்லூரிகளின் மேலாண்மை முதுநிலைப் படிப்பில் நடுவே ஓர் ஆண்டு இடைவெளி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அந்த ஆண்டில் ஆறு மாதம் ஒரு வங்கியில், ஆறு மாதம் இன்னொன்றில் என்று இரண்டு முழு இன்டர்ன்ஷிப் செய்துவிட்டுத் திரும்பி வருவார்கள். லண்டன் மேசைகளில் பிரெஞ்சு இளைஞர்கள் இத்தனை பேர் இருப்பதன் ரகசியம் இதில் பாதி இருக்கிறது: வேலைக்கு வரும்போதே ஓராண்டு வேலை பார்த்த கை. பாரிஸில் நேரடியாக வேலை செய்ய பிரெஞ்சு தேவைப்படும். லண்டன் போக ஆங்கிலம் போதும். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒதுக்க முடிந்த, அனுபவமில்லாத மாணவருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வகைப் படிப்புகளைத்தான். கணக்கு பலமாக இருந்தால் மிலானில் பொக்கோனியின் இரண்டாண்டு ஃபைனான்ஸ் படிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுப் படிப்பில் நடுவே ஒரு கோடை வருகிறது. அந்தக் கோடைக்கு மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் அனலிஸ்ட் நிலைக்கு ஓராண்டு ஃபைனான்ஸ் முதுநிலை எடுத்துப் போவது மிகவும் குறுகலான வழி. அங்கே வங்கிகள் இளநிலை மாணவர்களை இன்டர்ன்ஷிப் தொடங்குவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே பிடித்துவிடுகின்றன. எம்.ஐ.டி. ஸ்லோன் தன் மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸை 12 மாதம், 18 மாதம் என்று இரண்டு வகையாகத் தருகிறது. 18 மாத வகையில் நடுவே ஒரு கோடை கிடைக்கும். வங்கியைக் குறிவைப்பவர் எதை எடுக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

எம்.பி.ஏ.வின் ஓட்டம் இன்னும் ஒழுங்கானது. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும். செப்டம்பரில் வங்கிகள் வளாகத்துக்கு வந்து பேசும். அக்டோபர், நவம்பரில் முதலாண்டு மாணவர்கள் கோட்டு சூட்டோடு நியூயார்க் போய், வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் காபி குடித்துக்கொண்டு பேசுவார்கள். யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்ற முடிவு பெரும்பாலும் இந்தப் பேச்சுகளில்தான் உருவாகிறது. ஜனவரியில் நேர்காணல், கோடையில் பத்து வாரம் சம்மர் அசோசியேட், முடிவில் முழுநேர ஆஃபர். வார்ட்டன், கொலம்பியா, நியூயார்க் ஸ்டெர்ன், சிகாகோ பூத் எல்லாம் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. கார்னெல் ஜான்சன் தரவரிசையில் இவற்றுக்குக் கீழே இருந்தாலும் நியூயார்க் வங்கிகளுக்கு நிறையப் பேரை அனுப்புகிறது. டெக்சாஸ் மெக்கோம்ப்ஸில் படிப்பவருக்கு ஹூஸ்டனில் உள்ள எண்ணெய், எரிவாயு டீல் குழுக்கள் பக்கத்து ஊர்.

இதே எம்.பி.ஏ.விலும் பொறி உண்டு. கொலம்பியாவில் ஆகஸ்டிலும் சேரலாம், ஜனவரியிலும் சேரலாம். ஜனவரியில் சேர்ந்தால் படிப்பு சீக்கிரம் முடியும்; ஆனால் கோடை இன்டர்ன்ஷிப் கிடையாது. துறை மாற நினைப்பவருக்கு அது தவறான கதவு. இன்சியாட்டில் இதற்கு நேர்மாறு: பத்து மாத எம்.பி.ஏ.வுக்கு ஜனவரியில் சேருபவர்களுக்குத்தான் கோடையில் இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி. ஆகஸ்ட் கடைசியில் சேரும் அணிக்கு இல்லை. அதே கல்லூரி, அதே பட்டம், அதே கட்டணம். சேரும் மாதம் மாறினால் முடிவு மாறுகிறது. ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் ஓராண்டுப் படிப்பிலும் கோடை இன்டர்ன்ஷிப் இல்லை. ஏற்கெனவே நிதித்துறையில் இருந்து பதவி உயர நினைப்பவருக்கு அது சரி. புதிதாக டீல் டீமுக்குள் நுழைய நினைப்பவர் இரண்டாண்டு பி.ஜி.பி.க்கே முயல வேண்டும்.

ஐ.ஐ.எம்.களில் ஜூன் வாக்கில் சேர்ந்தால் சில மாதங்களுக்குள்ளேயே சம்மர் பிளேஸ்மென்ட் வந்துவிடும். நேர்காணலுக்கான ஷார்ட்லிஸ்ட்டில் உங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து எல்லாம் எண்ணப்படும். அகமதாபாத், கல்கத்தா, பெங்களூர் மூன்றும் இந்த வேலைக்கு முன்வரிசை, கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்கு ஃபைனான்ஸ் கேம்பஸ் என்றே பெயர். டெல்லி எஃப்.எம்.எஸ்., மும்பை ஜே.பி.ஐ.எம்.எஸ். இரண்டையும் நம் பிள்ளைகள் போதுமான அளவு கவனிப்பதில்லை. இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் நடப்பவை. ஜே.பி.ஐ.எம்.எஸ். மும்பை சர்ச்கேட்டிலேயே இருக்கிறது. வங்கிகளுக்கும் மாணவருக்கும் நடுவே ஒரு லோக்கல் ரயில் தூரம். திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கியது. நல்ல கல்லூரி, ஆனால் டீல் டீம் வேலை மட்டுமே இலக்கு என்றால், கடைசி இரண்டு ஆண்டு பிளேஸ்மென்ட் அறிக்கையில் அந்த வேலைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெயரில் ஃபைனான்ஸ் இருந்தால் போதாது

ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங், குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ், கம்ப்யூட்டேஷனல் ஃபைனான்ஸ் என்று பெயர் கொண்ட படிப்புகள் வேறு திசையில் போகின்றன. நியூயார்க் பரூக் கல்லூரி, கார்னகி மெலன் போன்ற இடங்களில் அவை மிகச் சிறப்பாக நடக்கின்றன. ஆனால் அவை உருவாக்குவது டிரேடிங் மேசைக்கும் ரிஸ்க் மாடலிங்குக்கும் ஹெட்ஜ் ஃபண்டுக்கும் வேண்டிய ஆட்களை. கணிதம் பிடித்த பொறியாளர் தெரிந்தே அங்கே போனால் நல்லது. நிறுவனங்களை வாங்கி இணைக்கும் எம் அண்ட் ஏ வேலை செய்ய வேண்டும் என்று கனவு கண்டு அங்கே போய்ச் சேரக் கூடாது.

பிளேஸ்மென்ட் அறிக்கையை எப்படிப் படிப்பது

கல்லூரியின் இணையதள முகப்பில் இருக்கும் '95 சதவீதம்' என்ற வகை எண்ணை விட்டுவிட்டு, முழு அறிக்கையைத் தரவிறக்கி வையுங்கள். அதில் 'நிதிச் சேவைகள்' என்று ஒரு பெரிய தலைப்பு இருக்கும். அதன் கீழ் முதலீட்டு வங்கி, சொத்து மேலாண்மை, வணிக வங்கி, ஃபின்டெக், காப்பீடு என்று பிரிவுகள் வரும். உங்களுக்கு வேண்டியது முதலீட்டு வங்கி என்ற அந்த ஒற்றை வரி. சில அறிக்கைகளில் அந்த வரி இருக்காது. பெரிய தலைப்போடு நின்றுவிடும். அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

அடுத்து, அந்த வரி 'தொழில்' வாரியாக எண்ணியதா, 'பணி' வாரியாக எண்ணியதா என்று பாருங்கள். தொழில் வாரி என்றால் முதலீட்டு வங்கியின் மனிதவளத் துறையில் சேர்ந்தவரும் அதில் எண்ணப்படுவார். பிறகு சதவீதத்தின் அடியில் இருக்கும் சிறு எழுத்துகள்: மொத்த மாணவர்களில் எத்தனை பேர் வேலை தேடினார்கள், எத்தனை பேர் தகவல் கொடுத்தார்கள் என்பவை. 100 பேர் வகுப்பில் 60 பேர் மட்டும் தகவல் கொடுத்து, அதில் 57 பேருக்கு வேலை என்றாலும் அறிக்கையில் 95 சதவீதம் என்றே வரும். இந்தியாவில் அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னெடுத்த ஐ.பி.ஆர்.எஸ். என்ற அறிக்கை முறையைப் பின்பற்றும் கல்லூரிகளின் ஆவணங்கள் தணிக்கைக்கு உட்பட்டவை. அந்த வகை அறிக்கை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவரிசையில் வரும் சம்பளத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஃபைனான்ஷியல் டைம்ஸ் தன் பட்டியலில் பழைய மாணவர்களின் சம்பளத்தை வாங்கும் சக்திக்கு ஏற்ப மாற்றிக் காட்டுகிறது. மும்பையில் ஒருவர் ரூபாயில் வாங்கும் சம்பளம், அங்கே விலைவாசி குறைவு என்பதால், அந்தக் கணக்கில் டாலரில் பல மடங்காகத் தோன்றும். முறையில் தவறில்லை. ஆனால் அந்த டாலரை வைத்து உங்கள் கல்விக் கடனை அடைக்க முடியாது.

அறிக்கைக்குப் பிறகு லிங்க்ட்இன். கல்லூரிப் பெயர், வங்கியின் பெயர், ஊர், பட்டம் முடித்த ஆண்டு ஆகியவற்றைப் போட்டுத் தேடுங்கள். கிடைப்பவர்களின் பக்கத்தைத் திறந்து, இளநிலை எங்கே படித்தார்கள், அந்த முதுநிலைக்கு முன் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். லண்டனில் இருக்கும் பத்துப் பேரும் அங்கேயே வளர்ந்து, அங்கேயே இளநிலை முடித்து, இரண்டு கோடை வேலை பார்த்தவர்கள் என்றால், அந்தப் பத்து என்ற எண் உங்களுக்கானதல்ல. இந்தியாவில் இளநிலை முடித்து நேராகப் போனவர்கள் எத்தனை பேர் என்பதே உங்கள் எண்.

அவர்களில் ஒருவரிடம் பேசிவிட வேண்டும். தயங்காதீர்கள், ஒழுங்காகக் கேட்டால் நம்மவர்கள் பதில் சொல்கிறார்கள். முதல் செய்தியில் வேலை கேட்கக் கூடாது. யார், எந்த ஊர், எந்தப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, பதினைந்து நிமிடம் கிடைக்குமா என்ற நான்கு வரி போதும். பேச்சு இப்படிப் போகலாம்:

"அக்கா, நான் கோயம்புத்தூர்ல பி.காம். கடைசி வருஷம். நீங்க படிச்ச கோர்ஸ்ல எனக்கு இடம் கிடைச்சிருக்கு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் கேட்டுக்கலாமா?"

"தாராளமா கேளும்மா."

"இன்டர்ன்ஷிப்புக்கு நீங்க எப்ப அப்ளை பண்ணீங்க?"

"கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. காலேஜ் மெயில் ஐ.டி.கூட வரல, என் சொந்த மெயில்ல இருந்துதான் போட்டேன். அக்டோபர் வரைக்கும் காத்திருந்தவங்களுக்கு நெறைய இடத்துல பதிலே வரல."

"உங்க பேட்ச்ல இந்தியாவுல இருந்து நேரா வந்தவங்கள்ல யாரெல்லாம் டீல் டீமுக்குப் போனாங்க?"

"ரெண்டே பேரு. ரெண்டு பேருமே வர்றதுக்கு முன்னாடி மும்பைல ஒரு சின்ன ஃபர்ம்ல ஆறு மாசம் வேலை பார்த்தவங்க. மத்தவங்க நல்லா படிச்சாங்க, ஆனா சி.வி.ல காட்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் இந்த ஜனவரியில இருந்தே ஏதாவது தேடணுமாக்கா?"

"கண்டிப்பா. அட்மிஷன் கிடைச்சாச்சுன்னு சும்மா இருந்துடாத."

இந்தப் பதினைந்து நிமிடத்தில் கிடைப்பது எந்த விளக்கக் கையேட்டிலும் கிடைக்காது. இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ஒருவராவது டீல் டீம் கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனவராக இருக்கட்டும்.

படிப்பு முடிந்தபின் எவ்வளவு காலம் இருக்க முடியும்

பிரிட்டனில் 2021 முதல் கிராஜுவேட் ரூட் விசா இருக்கிறது. முதுநிலை முடித்தவருக்கு அது இரண்டு ஆண்டு தந்துவந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். கோடை இன்டர்ன்ஷிப் தவறினால் கோடைக்கு வெளியே மூன்று முதல் ஆறு மாதம் நடக்கும் ஆஃப்-சைக்கிள் இன்டர்ன்ஷிப் ஒன்றைப் பிடித்து நிரந்தர வேலைக்கு முயல்வதற்கு உங்களுக்கு இருக்கும் அவகாசம் இதுதான். அதற்குப் பிறகு வேண்டிய ஸ்கில்டு ஒர்க்கர் விசாவின் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. பெரிய வங்கியின் லண்டன் அனலிஸ்ட் சம்பளம் அதைத் தாண்டிவிடும். சிறிய ஆலோசனை நிறுவனமோ கணக்குப் பிரிவு வேலையோ தாண்டாமல் போகலாம்.

அமெரிக்காவில் படிப்புக்குப் பின் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று வகைப்படுத்தப்பட்ட படிப்பானால் மேலும் 24 மாதம். இதைத் தீர்மானிப்பது படிப்பின் பெயர் கிடையாது. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் வகையைக் குறிக்கும் சி.ஐ.பி. எண். 52.0801 என்றால் பொதுவான ஃபைனான்ஸ், அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. 52.1301, மேனேஜ்மென்ட் சயன்ஸ் என்றால் இருக்கிறது. சேர்க்கைக் கடிதம் வந்ததும் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஹெச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 இடம், அதுவும் குலுக்கலில்; 12 மாதத்தில் ஒரு குலுக்கல்தான் பார்க்க முடியும், 36 மாதத்தில் மூன்று பார்க்கலாம். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. விதிகள் இந்த வேகத்தில் மாறுவதால், எந்தெந்த வங்கிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஸ்பான்சர் செய்கின்றன என்று கல்லூரியின் கேரியர் ஆஃபீஸில் கேட்டு, அந்த ஆண்டுக்கான பட்டியலையே வாங்குங்கள்.

கடைசியில் கடன் கணக்கு

எல்.எஸ்.இ. போன்ற இடத்தில் ஃபைனான்ஸ் எம்.எஸ்சி.க்குக் கட்டணம் மட்டும் 50,000 பவுண்டை ஒட்டி வரும். முன்னணி அமெரிக்க எம்.பி.ஏ.வுக்குக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து இரண்டு ஆண்டில் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும். வீட்டை அடமானம் வைக்கும் பெற்றோர் எத்தனை பேர் என்பது இந்தத் துறைக்கு ஆலோசனை சொல்லும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

50 லட்சம் ரூபாய் கடன், 10.5 சதவீத வட்டி, பத்து ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் 67,500 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் விட்டால் இன்னும் கூடும். இந்தத் தொகையை டீல் டீம் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அதே வகுப்பில் டீல் டீம் கிடைக்காதவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள், அதன் சம்பளம் என்ன என்று அறிக்கையில் பார்த்து அதோடு ஒப்பிடுங்கள். அந்தச் சம்பளத்திலும், ஊர் திரும்பி சென்னையில் சேர்ந்தாலும், தவணை கட்டி மூச்சுவிட முடியும் என்றால் துணிந்து போகலாம். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்.

கணக்கு இடிக்கிறது என்றால் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரிக்கு எழுதுங்கள். சில கல்லூரிகள் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டில் மும்பையில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்திலோ, சென்னையில் பெரிய தணிக்கை நிறுவனங்களின் வேல்யுவேஷன், டியூ டிலிஜென்ஸ் பிரிவிலோ வேலை தேடுங்கள். ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை, பணப்புழக்க அறிக்கை மூன்றையும் எக்செல்லில் இணைத்துக் கட்டிப் பழகுங்கள். அடுத்த ஜூலையில் ஒரு பக்க சி.வி.யை முடித்து வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் வங்கிகள் கதவைத் திறக்கும் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். முன்பணம் கட்டச் சொல்லும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது, இந்தக் கணக்கைப் போட்ட தாளோடு அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.